நாற்குணமும் நாற்பது கேள்விகளும்

ஏப்ரல் 2 வந்தால் தமிழ் நாளிதழ்களில் ஆட்டிசம் பற்றி ஒரு கட்டுரை வந்துவிடும். ஐ.நா. சபை 2007இல் தீர்மானம் போட்டு, 2008லிருந்து கடைப்பிடிக்கப்படும் நாள் அது. கட்டுரையின் அமைப்பு மாறுவதேயில்லை. ஒரு பையன் இருப்பான். எதையாவது சுற்றிக்கொண்டிருப்பான், பேச மாட்டான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அவனுடைய அம்மா தன் வாழ்வைத் துறந்திருப்பாள். நடுவில் ஒரு டாக்டர். கடைசிக்கு முன் ஒரு வரி: பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளையே இது நான்கு மடங்கு அதிகம் பாதிக்கிறது. மழை மேலிருந்து கீழே பெய்கிறது என்பதுபோல அந்த வரியை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னுடைய பிரச்சினை அந்த ஒரு வரிதான்.

எண்ணையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது. யார் எண்ணினார்கள், எங்கே நின்று எண்ணினார்கள், எந்த அளவுகோலால்? 1943இல் அமெரிக்காவில் லியோ கன்னர் எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகள். 8 பையன்கள், 3 பெண்கள். 1971இல் அதே 11 பேர் என்ன ஆனார்கள் என்று அவரே திரும்ப எழுதினார். நன்றாக வந்தவர்கள் என்று அவர் காட்டிய இருவரும் பையன்கள். ஒருவர் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் மூவரும் அரசு மனநல விடுதிகளில் கிடந்தார்கள். 1944இல் வியன்னாவில் ஆஸ்பெர்கர் விரிவாக வர்ணித்தது நான்கு பையன்களை. முழு வடிவத்தில் இதைப் பெண் குழந்தைகளிடம் தான் பார்த்ததில்லை என்றார். ஆண் அறிவின் ஒரு தீவிர வடிவம் இது என்பது அவருடைய விளக்கம். (இவர் குழந்தைகளை ஸ்பீகல்குருண்ட் கொலைக்கூடத்துக்கு அனுப்பியதை 2018இல் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தார். அனுப்பப்பட்டவர்களில் மூன்று வயது நிறையாத ஒரு பெண் குழந்தையும் உண்டு. ஆண் அறிவைப் போற்றிய கையெழுத்தும் அதுதான்.) ஆஸ்பெர்கரின் அந்த வாக்கியம் சாகவில்லை. 2002இல் சைமன் பாரன்-கோஹென் 'அதீத ஆண் மூளை' என்று அதற்குப் புதுச் சட்டை போட்டார்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண் இருந்தார். க்ரூன்யா சுகரேவா, மாஸ்கோவில் வேலை செய்த மருத்துவர். 1925, 26இல் ஆறு பையன்களைப் பற்றி எழுதினார். அதோடு நிற்காமல் 1927இல் ஐந்து பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாக எழுதினார். பெண்களிடம் இது வேறு முகத்தோடு வருகிறது என்று பார்த்தவர் அவர். அந்தக் கட்டுரை ஆங்கிலத்துக்கு வர 2020 ஆயிற்று. ஆஸ்பெர்கரை 1981இல் ஆங்கில உலகுக்கு எடுத்துவந்த லோர்னா விங்கும் ஒரு பெண். அவருடைய மகளுக்கே ஆட்டிசம் இருந்தது. பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பார்த்தது அறிவாக ஏற்கப்படுவதற்கு வேறு சில வேண்டியிருக்கிறது.

2017இல் லூம்ஸ், ஹல், மேண்டி என்ற மூவர் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது விகிதம் மூன்றுக்கு ஒன்று பக்கம் இறங்கியது. எப்படி? ஏற்கெனவே பெயர் சூட்டப்பட்டவர்களை மட்டும் எண்ணாமல், ஊருக்குள் போய் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதித்த ஆய்வுகளைத் தனியாகப் பிரித்தபோது. அதாவது தேடிப்போனால் பெண்கள் கிடைக்கிறார்கள். இன்னொரு சுற்றும் உண்டு. பரிசோதனைக் கருவிகள் பெரும்பாலும் பையன்களை வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் தேறாத பெண் ஆய்விலிருந்து கழிக்கப்படுகிறாள். கழித்தபின் எஞ்சியதை வைத்து, பெண்களிடம் குறைவு என்று முடிவு. பிறகு அந்த முடிவை நம்பி அடுத்த கருவி. மாட்டைக் கட்டிய கயிறு மாட்டைச் சுற்றியே இறுகுவதுபோல.

இனி நம் பக்கம் வரலாம். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இதெல்லாம் ஏன் என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது முழுக்க முழுக்கத் தமிழ்ப் பிரச்சினையாகவே படுகிறது. பெண் ஒருத்தி ஒதுங்கியிருந்தால், பேசாமலிருந்தால், சாப்பிடாமலிருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று 'நோய்' பார்ப்பதையே ஒரு துறையாக வளர்த்து வைத்திருப்பது நம் அகக்கவிதை. தலைவியின் உடல் வேறுபடுகிறது. தாய் பதறுகிறாள். கட்டுவிச்சி வந்து நெல்லை எறிந்து குறி பார்க்கிறாள். முருகன் அணங்கியது என்கிறார்கள். வேலன் வருகிறான், ஆடுகிறான், ஆட்டுக்குட்டி அறுபடுகிறது. இது தப்பு என்று தோழிக்குத் தெரியும். கவிஞருக்கும் நமக்கும் தெரியும். வெறியாட்டுத் துறையின் சுவையே தவறான நோய்க்கணிப்பைப் பார்த்துச் சிரிப்பதில்தான் இருக்கிறது. ஆனால் தோழி அறத்தொடு நின்று உண்மையைச் சொல்லும்போது, வேலனின் இடத்தில் தலைவன் வந்து உட்கார்கிறான். தெய்வம் இல்லையென்றால் காதல். மூன்றாவதாக ஒன்று இருக்க முடியாது. அவளுடைய ஒதுக்கம் அவளிடமிருந்தே வரலாம் என்பதற்குத் துறை கிடையாது, உரை கிடையாது, கூற்றும் கிடையாது.

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடும்போதும் இதே கட்டமைப்புத்தான். வசந்தவல்லி பந்தடிக்கிறாள், உலாவைப் பார்க்கிறாள், மெலிகிறாள். சிங்கி வந்து கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள். குறத்தி மலைவளம் சொல்லும் இடத்தில் நானும் மயங்கியவள்தான். ஆனால் கையைப் பார்ப்பதற்கு முன்பே விடை தெரிந்த குறி அது. ஒரு பெண்ணின் உடல்மீது எத்தனை வாசிப்பு நடந்தாலும் விடை ஆண்பால் ஒருமையில்தான் வரும்.

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு இன்னும் கிட்ட வருகின்றன. தொல்காப்பியம் சொல்வது அச்சமும் நாணும் மடனும் என்ற மூன்றைத்தான்; பயிர்ப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நாலையும் நாம் பட்டிமன்றத்தில் கேட்டு அலுத்துப்போயிருக்கிறோம், பெண்ணியக் கட்டுரைகளில் கிழித்தும் ஆயிற்று. உரைகளைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். மடம் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் பொருள், சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல். பயிர்ப்பு, பழகாத ஒன்றைத் தொட நேரும்போது வரும் கூச்சம், அருவருப்பு. நாணம், எதிராளியின் பார்வையிலிருந்து கண்ணை விலக்கிக்கொள்ளுதல். இப்போது மருத்துவப் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஒரே முறையை விடாமல் பற்றிக்கொள்வது. தொடுதலில், துணியில், ஒலியில் மிகையான கூர்மை. கண்ணோடு கண் நோக்காமை. தானாகப் பேச்சைத் தொடங்காமை.

உரையாசிரியர்கள் ஆட்டிசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்தர் பாடலில் அணுகுண்டு தேடும் கூட்டத்துக்கு இங்கே வேலையில்லை. நான் சொல்வது வேறு. பையனிடம் இருந்தால் குறையென்று டாக்டரிடம் கூட்டிப்போக வைக்கும் அதே நடத்தை, பெண்ணிடம் இருந்தால் குணம் என்று இலக்கணம் எழுதி வைத்திருக்கிறோம். குணத்தை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்?

இந்திய அரசு பயன்படுத்தும் அளவுகோலுக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்று பெயர். 2009இல் வந்தது. நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 107க்கு மேல் நடுத்தரம், 153ஐத் தாண்டினால் தீவிரம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழுக்கு இந்த நாற்பதைத்தான் தாண்டி வர வேண்டும். குழந்தையைப் பார்ப்பதோடு, பெற்றோரைக் கேட்டும் மதிப்பெண் போடுகிறார்கள். இந்த நாற்பதையும் தமிழாக்கி வைத்துக்கொண்டு தென்காசிப் பக்கம் தெரிந்த சில வீடுகளில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். நோய் கணிக்க எனக்குத் தகுதியில்லை, கணிக்கவும் இல்லை. கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது, எப்படி விளங்கிக்கொள்ளப்படுகிறது என்பது மட்டுமே என் அக்கறை.

பெரியம்மை முறையாகும் ஒருவரிடம், அவருடைய மகள் கண்ணைப் பார்த்துப் பேசுவாளா என்று கேட்டேன்.

"ஏளா, பொம்பளப் பிள்ள எதுக்கு ஆளுக கண்ணப் பாத்துப் பேசணும்? எங்க பிள்ள தல நிமிராதுளா."

தனியாகவே இருப்பாளா?

"அது பாட்டுக்கு அது சோலியப் பாக்கும். ஊருச் சோலிக்குப் போகாது."

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வாளா? இதற்குப் பெரியம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் மடியில் சுளகு இருந்தது. சுளகில் வெட்டிய இலை, தூள், நூல். எங்கள் பக்கம் பீடி சுற்றாத தெரு குறைவு. "இதத்தான் காலம்பற இருந்து செய்யுதா. ஆயிரம் போட்டுட்டுத்தான் எந்திரிப்பா. எங்க தெருவுல அவ கட்டுதான் ஒண்ணுகூடக் கழியாது" என்றார்.

மூன்று கேள்விக்கும் 1 மதிப்பெண். மூன்றும் புகழ்மொழிகள்! இருபத்தைந்து பீடி கொண்ட ஒவ்வொரு கட்டும் ஒரே அளவில் நிற்கும்படி அடுக்குகிற அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆட்டிசமா, கூச்ச சுபாவமா, அல்லது ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்காக ஒழுங்குபட்ட உடலா? எனக்குத் தெரியாது, அந்த நாற்பது கேள்விக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் விஷயம். திரும்பத் திரும்பச் செய்தலை நோய்க்குறியாக எண்ணும் ஓர் அளவுகோல், திரும்பத் திரும்பச் செய்தலே பிழைப்பாக இருக்கும் ஊருக்குள் வரும்போது எதை அளக்கிறது? கருவியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதற்கு ஒரு திணை வேண்டும் என்கிறேன்.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் குறுக்கிடுவார்கள் என்று தெரியும். தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடையிலும் நூலகத்திலும் தேடிப் படித்து வளர்ந்தவள்தான் நானும். பைத்தியத்தின் வரலாற்றை 1961இல் எழுதிய ஃபூக்கோவை அவை நமக்குக் கொண்டுவந்தன. பெயரிடுதல் அதிகாரம், மருத்துவப் பார்வை உடலைக் கைப்பற்றுகிறது, இயல்பு என்பது கட்டமைக்கப்பட்டது என்றெல்லாம் நமக்கு அத்துப்படி. அதனால் சிலர் கேட்கிறார்கள்: 'இதுவரை தப்பித்திருந்த பெண்களையும் ஏன் இந்தச் சொல்லாடலுக்குள் இழுத்துப் போடுகிறீர்கள்? பெயரில்லாமல் இருப்பது ஒரு விடுதலை இல்லையா?'

பெயரில்லாமல் எங்கே இருக்கிறார்கள்? ஊமைக்கொட்டான், திமிர் பிடிச்சவ, கூறு கெட்டது, ஒரு மாதிரி, நல்ல பிள்ளை, கல்யாணத்துக்குப் பிறகு திரும்பி வந்தால் வாழாவெட்டி. பேய் பிடித்தவள் என்பதும் ஒரு பெயர்தான். அதற்குக் கோடாங்கியும் கயிறும் வேப்பிலையும் உண்டு. பொட்டல்புதூர் தர்காவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் கூட்டிவருகிறார்கள். குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் தெளியும் என்றும் எங்கள் பக்கம் சொல்வதுண்டு. மருத்துவத்துக்கு வெளியே அதிகாரமற்ற ஒரு வெட்டவெளி இருப்பதாக நினைப்பது, தலைவியைக் கட்டுவிச்சியின் கையிலேயே விட்டுவிட்டு நாம் ஃபூக்கோ படிக்கப் போவதுதான்.

இயன் ஹேக்கிங் இதில் கொஞ்சம் உதவுகிறார். 'ஆட்களை உண்டாக்குதல்' என்று 1986இல் அவர் எழுதியதன் சாரம், ஒரு வகைப்பாடு வந்தவுடன் அந்த வகைக்குள் வைக்கப்படுகிறவர்கள் அதைக் கேட்டு மாறுகிறார்கள்; அவர்கள் மாறுவதால் வகைப்பாடும் மாறுகிறது என்பது. பெண்கள் விஷயத்தில் நடந்திருப்பதும் இதுதான். 1992இல் டோனா வில்லியம்ஸ் தன் வாழ்க்கையைத் தானே எழுதியதிலிருந்து, பெயர் சூட்டப்பட்ட பெண்கள் திரும்பிப் பேச ஆரம்பித்தார்கள். முப்பது, நாற்பது வயதில் தாமதமாகத் தெரிந்துகொண்டவர்கள் சொல்லித்தான் 'மறைத்து நடித்தல்' என்ற ஒன்று ஆய்வுக்குள் முறையாக வந்தது. மற்றப் பெண்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்போது தலையாட்டுகிறார்கள் என்று மனப்பாடம் செய்து நடத்தல். வீட்டுக்கு வந்ததும் பிணம்போல விழுதல். 2016இல் பார்ஜியேலாவும் மற்றவர்களும் இங்கிலாந்தில் தாமதமாகக் கணிக்கப்பட்ட 14 பெண்களோடு பேசி எழுதிய கட்டுரையில், அவர்களில் பலர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று வருகிறது. எதிராளியின் உள்நோக்கம் சட்டென்று பிடிபடாத பெண்ணுக்கு, அடங்கிப் போ, மறுத்துப் பேசாதே என்று மட்டும் கற்றுக்கொடுத்தால் வேறென்ன நடக்கும்? பெயர் தெரிவதில் உயிர் தொங்குகிற இடமும் உண்டு. நம் ஊரில் இதற்குக் கல்யாணம் என்று பெயர் வைத்திருப்பதால் கணக்கில் வருவதில்லை.

நம் கதைகள், சினிமா? 2013இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் பையன் ஓடுகிறான், ஓட்டத்தில் ஜெயிக்கிறான். 1990இல் வந்த 'அஞ்சலி'யில் பெண் குழந்தை எல்லோரையும் அழவைத்துச் சாகிறது. அஞ்சலிக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல, வேறு. ஆனாலும் பையனுக்குப் பந்தயம், பெண்ணுக்குப் பாடை என்ற பங்கீடு கவனிக்கத்தக்கது. ராமின் 'பேரன்பு' (திரையரங்குக்கு 2019) ஒன்றுதான் குறையுள்ள பெண் வயதுக்கு வருவாள், அவளுக்கும் உடல் இருக்கிறது என்று தைரியமாகக் காட்டியது. அங்கேயும் கதை தந்தையுடையது. எஸ். பாலபாரதி 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' எழுதித் தமிழில் பெற்றோர்களுக்கு ஒரு மொழியைக் கொடுத்திருக்கிறார். அது பெரிய காரியம். ஆனால் அந்த மொழியில் பெண் இன்னும் பெற்றோராகத்தான் அதிகம் வருகிறாள். அந்த அம்மாவையும் சும்மா விடவில்லை உலகம். 1967இல் பெட்டல்ஹைம் எழுதியதைப் படித்தவர்கள் அவளைக் 'குளிர்ந்த தாய்' என்றார்கள். படிக்காதவர்கள், கிரகணத்தில் வெளியே வந்தாள் என்கிறார்கள்.

குற்றாலம் என்றால் ரசிகமணியையும் சொல்ல வேண்டும். டி.கே.சி.யின் ரசனை மரபு எங்கள் வட்டாரத்தின் பெருமை. கவிதையைச் சொல்லி, அனுபவித்து, கூடியிருப்பவர்கள் முகமும் ஒன்றாக மலர்வதை அது எதிர்பார்க்கிறது. கன்னர் தன் கட்டுரைத் தலைப்பில் வைத்தது 'உணர்ச்சித் தொடர்பின்' குலைவு. முகம் மலராதவரிடம் உணர்ச்சி இல்லை என்று முடிவு கட்டும் இடத்தில் ரசிகரும் மருத்துவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2012இல் டேமியன் மில்டன் இதைத் திருப்பிப் போட்டார். அவரே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கும் அவர்களைப் புரியவில்லை. குலைவு இரண்டு பக்கமும்தான் என்றார். சென்ற சாரலில் பேரருவியில் பெண்கள் பக்கம் ஒரு பெண் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள், பதினாறு வயதிருக்கும். அருவியின் முழு கனமும் தோளில் விழ, கண்ணை மூடி, காதில் அந்த இரைச்சலை வாங்கிக்கொண்டு. "யாரு மேல படாம நிக்கான்னு பாருங்க. பஸ்ஸுல ஏறவே அழுவா, இங்க மட்டும் வரமாட்டேங்கா" என்று அவள் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். புலன்களின் கூர்மையும் மந்தமும் 2013இல்தான் அமெரிக்கக் கையேட்டின் நோய்க்குறிகளில் சேர்ந்தன. விலக்கம் மட்டும் இல்லை, இப்படி ஒரு வேட்கையும் அந்தக் குறிப்பில் அடக்கம். அந்த முகத்தில் இருந்ததை ரசனை என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

பெரியம்மையின் பேச்சில் 'அது' வந்ததைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் பக்கம் பாசத்தில் யாரையும் 'அது' என்பதுண்டு. குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் இலக்கணம் பாசத்தோடு நிற்பதில்லை. கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா, ஆளைக் குறித்தும் அஃறிணையாக முடியும் சொற்களை அடுக்குகிறது. குழவி, மகவு, அடிமை, பெண்மை என்று போகிற அந்தப் பட்டியலில் உறுப்பின் கிளவியும் வருகிறது; உரையாசிரியர்கள் குருடு, முடம் என்று உதாரணம் தருகிறார்கள். குழந்தை, அடிமை, பெண்மை, ஊனம் நாலும் ஒரே வரிசையில்! பையன் மீசை வந்ததும் 'அவன்' ஆகிவிடுகிறான். குறையுள்ள பெண் நாற்பது வயதிலும் 'அது'. நாளிதழ்க் கட்டுரையும் 'ஆட்டிசக் குழந்தை' என்றே எழுதுகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து எந்த வீட்டு அடுப்படியில் இருக்கிறது என்று எழுதுவதில்லை.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர்சேவா சங்கம் 1981லிருந்து இயங்குகிறது. 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. ஊர் ஊராகப் போய், வீட்டுக்குள் உட்கார்ந்து, வளர்ச்சி பின்தங்கிய சின்னக் குழந்தைகளைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்கும் கிராமப் பணியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். நகரத்து ஆய்வகங்களுக்கு எட்டாத கதவு அவர்களுக்குத் திறக்கிறது. இரண்டு வயதில் பேச்சு வராத பெண் குழந்தை அவர்கள் கண்ணில் படும். பேச்சு நேரத்துக்கு வந்து, பள்ளியில் ஒழுங்காக எழுதி, வயதுக்கு வந்தபின் மெல்ல மெல்ல உள்ளே போகிற பெண்ணை யார் பார்ப்பது? நடக்கவில்லை, பேசவில்லை என்றால் அழைத்துவருவார்கள். 'தலை நிமிராது' என்றால் பூ வைத்து நிச்சயம் பண்ணுவார்கள்.

அதனால் அந்த நாற்பது கேள்விகளையும் வைத்துவிட்டு, இப்போது வேறு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். கண்ணைப் பார்ப்பாளா என்பதை விட்டுவிட்டேன். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் எத்தனை நாள் படுத்துக் கிடப்பாள்? சோறும் குழம்பும் ஒன்றாகப் பட்டால் சாப்பிடுவாளா? யாரைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள்? எந்தச் சேலையை உடுத்த மாட்டாள்? கடைசிக் கேள்விக்குப் பெரியம்மை யோசிக்கவேயில்லை. "புதுச் சேலையே உடுத்த மாட்டாளா. நாலஞ்சு தடவ நான் உடுத்தித் தொவச்சுக் குடுக்கணும். கட்டிக்குடுத்த வீட்டுல ஆரு இதச் செய்வா, அதான் ஒரு மாசத்துல வந்துட்டா" என்றார்.